செசிலி இழுத்து வந்த தடி

செசிலிக்கு அந்த ஊர் செய்தது அநியாயம். அதை முதலில் சொல்லிவிடுவோம். மற்றதெல்லாம் பிறகு.

கடலில் மிதந்து வந்த ஒரு மரத்தடியை அவள் கயிறு போட்டு இழுத்துக் கரையேற்றினாள். மழையில் உட்கார்ந்துபோன தன் வீட்டுக் கூரைக்கு அதை அறுத்து விட்டம் போடலாம் என்று நினைத்தாள். கடல் ஒதுக்கியது முதலில் கயிறு போட்டவருக்குச் சொந்தம். அந்தக் கரையின் வழக்கம் அது. எந்தக் கப்பலிலிருந்து விழுந்தது, யார் கிடங்கிலிருந்து வெள்ளத்தில் போனது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மர வியாபாரி ஜெயசீலன் கேட்டார். கழிமுகத்தை ஒட்டி அவருடைய கிடங்கு.

"கடல்ல வந்துச்சாமா? என் வேலி ஓரத்துல அடுக்கியிருந்த தடி அது. உருட்டிட்டுப் போயிட்டு இப்ப கடல் மேல பழி போடுதா, திருடி."

ஊர்க் கமிட்டி கூடியது. செசிலி சொன்னதை ஒருவரும் பொய் என்று சொல்லவில்லை. ஒருவரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை. படகுக்குப் பலகை வேண்டுமென்றால் ஜெயசீலன் கிடங்கை விட்டால் அந்தப் பக்கத்தில் வேறு இடமில்லை. தடியைக் கமிட்டிக் கொட்டகைக்கு இழுத்துப் போட்டார்கள். விசாரணை முடியும்வரை செசிலி மீன் ஏலக்கூடத்துக்குள் வரக்கூடாது என்றார்கள்.

மீன் விற்பவளை ஏலக்கூடத்துக்குள் விடாவிட்டால் அவள் எதை விற்பாள்? மறுநாளே அவள் கூடை வைக்கும் இடத்தில் வேறொருத்தி கூடை வைத்தாள். விசாரணை தொடங்குவதற்கு முன்பே தண்டனை தொடங்கிவிட்டது. அதைக் கமிட்டியில் யாருக்கும் சுட்டிக்காட்டத் தோன்றவில்லை.

கமிட்டி கூடிய அன்றைக்கு எழுந்து பேசியவர் ஒரே ஒருவர். செசிலியின் பக்கத்து வீட்டுக்காரர் தொபியாஸ்.

"ஜெயசீலன் கிடங்குல கெடக்கது அத்தனையும் பைன். உண்டா இல்லையா?"

"உண்டு" என்றார் ஜெயசீலன்.

"இந்தத் தடி பைன் இல்ல. மோந்து பாருங்க. பைன்னா பிசின் வாசம் தூக்கும். இதுல வாசமே இல்ல. பைன் இல்லேன்னா அவர் கிடங்குலருந்து வந்திருக்க முடியாது. நான் மரம் படிக்கேன்லா, அந்த இசக்கி டீச்சர்கிட்ட ஒரு துண்டு கொண்டுபோறேன். யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். மரமே சொல்லட்டும்."

மரமே சொல்லட்டும் என்பது எல்லாருக்கும் பிடித்திருந்தது. கமிட்டித் தலைவர் கஸ்பார் நிம்மதியாகத் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பைன் என்றால் தடி ஜெயசீலனுக்கு; இல்லையென்றால் செசிலிக்கு. அப்படித் தீர்மானம் ஆனது.

செசிலியும் சம்மதித்தாள். தொபியாஸ் அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாள்.

தொபியாஸ் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மரத்தைக் காகிதத்தில் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். ஒரு மரத்தையாவது முகம் பார்த்து அறிந்துவிட வேண்டும் என்று, டவுன் கல்லூரியில் மர ஆய்வுக்கூடம் நடத்தும் இசக்கியம்மாளிடம் போய்ச் சேர்ந்தார். டீச்சருக்கு அவருடைய மகள் வயது. முதல் நாளே, "வயசான ஆளுன்னு விட்டுப் பிடிக்காதீங்க டீச்சர்" என்றார். "வயசை விடுங்க. அவசரத்தை விட்டா போதும்" என்றாள் அவள்.

வயதைத்தான் அவரால் விட முடிந்தது.

சனிக்கிழமை காலை மழையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். தடியின் முனையில் அறுத்த துண்டு ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. டீச்சர் அதை வாங்கித் தண்ணீரில் போட்டாள்.

"எவ்வளவு நேரம் ஊறணும், டீச்சர்?"

"நீங்க உக்காருத வரைக்கும்."

உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னலருகே போனார். திரும்பி வந்து தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது சாதாரணத் துண்டு இல்ல டீச்சர். இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு."

"கதை வேண்டாம் அண்ணாச்சி. துண்டு போதும்."

"கதைன்னா கதை இல்ல. அநியாயம்."

"அநியாயத்தையும் வெளியில வைங்க. பாத்து முடிச்ச பிறகு கேக்கேன்."

தொபியாஸுக்குச் சுருக்கென்றது. "என்ன டீச்சர் இது! ஒரு பொம்பள பொழப்பு நின்னு கெடக்கு. காது குடுத்துக் கேட்டா என்ன குறைஞ்சிரும்?"

"காதைக் குடுத்தா கண்ணும் கூடவே போயிரும்."

"மனசுன்னு ஒண்ணு வேண்டாமா?"

"வேணும். அதுக்குத்தான் முதல்ல கண்ணு."

இந்தப் பதில் அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. படிப்பு அதிகமானால் ஈரம் காய்ந்துவிடும் என்று முணுமுணுத்தார். டீச்சர் காதில் விழாததுபோல் புதுப் பிளேடு ஒன்றைப் பிரித்தாள்.

துண்டை எடுத்தாள். வெட்டுமுகத்தில் ஒரே இழுப்பில் மெல்லியதாகச் சீவினாள். ஈரவிரலால் தடவினாள். கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பினாள்.

தொபியாஸ் அவள் முகத்தையே பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

லென்ஸையும் துண்டையும் அவரிடம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க."

"நானா?"

"படிக்கத்தான வந்தீங்க."

அவர் பார்த்தார்.

"குண்டூசிக் குத்து மாதிரி துளை எங்கயும் இல்ல. தேக்கு, வேம்பு மாதிரி மரமில்ல. ஊசியிலை மரம். மென்மரம்."

"சரி."

"வளையம் நல்லாத் தெரியுது. வளையத்துக்குள்ள வெளுத்த பட்டை, கறுத்த பட்டை."

"சரி."

"வேற ஒண்ணும் இல்ல."

"கறுத்த பட்டையில?"

 லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏதோ வெள்ளை வெள்ளையாப் புள்ளி. அது உப்பு டீச்சர். கடல்ல கெடந்த மரம்லா."

டீச்சர் தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தினாள். "உப்புன்னா கரையும்."

கழுவினார். தேய்த்துக் கழுவினார். புள்ளிகள் அங்கேயே இருந்தன.

"அப்ப புழு அரிச்ச ஓட்டை."

"புழு எப்பத்திலருந்து வளையம் பாத்து வரிசையா ஓட்டை போட ஆரம்பிச்சுது?"

 அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பிசின் குழாயின் வாய் என்று அவருக்குத் தெரியும். பைனில் அது இருக்கும் என்று அதே மேசையில் வைத்து அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"வாசம் இல்லையே டீச்சர். நான் மோந்து பாத்தேனே."

"தண்ணியில கெடந்தா கருவாடே வாசத்தை விட்டுரும். மூக்கை வச்சா அண்ணாச்சி முடிவு பண்ணுனீங்க?"

லென்ஸை மேசையில் வைத்தார். 

"பைன்தானா?"

"பைன்தான்."

"அவன் கிடங்குல கெடக்கதும் பைன்."

"யாரு கிடங்கு? இப்பச் சொல்லுங்க உங்க அநியாயத்தை."

சொன்னார். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் சொன்னார். ஏலக்கூடம், கூடை வைக்கும் இடம், கொட்டகையில் கிடக்கும் தடி, தாமே எழுந்து பேசிய பேச்சு, மரமே சொல்லட்டும் என்றது, எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இப்ப நான் போய்ப் பைன்னு சொன்னா செசிலி காலத்துக்கும் திருடி. என் பேச்சை நம்பித்தான அவ சரின்னா! டீச்சர், ஒரே ஒரு வார்த்தை. பைன் இல்லேன்னு சொல்லிருங்க. அந்த ஊர்ல யாருக்குத் தெரியப்போவுது?"

"அவ எடுக்கலேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன டீச்சர் கேக்கீங்க? நான் பாத்தேனே!"

"என்னத்த?"

"விடியக்கால நான் கரையில நடந்துக்கிட்டிருந்தேன். அவ இடுப்பளவுத் தண்ணியில நின்னு கயிறு கட்டிக்கிட்டிருந்தா. தனியா முடியல. அலை உருட்டி உருட்டி அவ மேலயே தள்ளுது. அண்ணே, ஒரு கை குடுங்கன்னா. மறுமுனையைப் பிடிச்சு நான்தான் இழுத்தேன். ரெண்டு பேருமாத்தான் மேட்டுல ஏத்துனோம்."

மழை வலுத்தது. டீச்சர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இதைக் கமிட்டியில சொன்னீங்களா?"

"அதான் அதைவிடப் பெரிய வழி கண்டுபிடிச்சேனே. பக்கத்து வீட்டுக்காரன் பேசுதான்னு சொல்லிருவாங்க டீச்சர். ஜெயசீலன் வாயைக் கோணிச் சிரிப்பான். மனுஷன் சொன்னா எதிர்த்துப் பேசலாம், மரம் சொன்னா எவன் பேசுவான்? அப்புறம்..."

"அப்புறம்?"

"மருமகன் அவன் கிடங்குலதான் வேலை பாக்கான். அதுவும் ஒண்ணு."

"செசிலி உங்க பேரைச் சொல்லலையா?"

தொபியாஸ் வேட்டி நுனியைப் பிழிந்தார். அதில் ஈரம் வடிந்து முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"இல்ல. என் முகத்தைப் பாத்தா. மருமகன் விஷயம் அவளுக்கும் தெரியும். வாயை மூடிக்கிட்டா."

டீச்சர் துண்டைத் துடைத்து மேசையில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தொபியாஸ் திருப்பி வாதாடியிருப்பார். வாதாடுவதற்கு அவரிடம் நிறைய இருந்தது.

"சரி அண்ணாச்சி. நீங்களே வந்து சொல்லுங்க, பைன் இல்லேன்னு. நான் பக்கத்துல நின்னு ஆமான்னு சொல்லுதேன்."

அவர் நிமிர்ந்தார். "நெசமாவா?"

"நெசமா."

"காலேஜ் பேரு கெட்டுப் போவுமே, டீச்சர்."

"அது என் பாடு. ஒரு தடவை இங்க சொல்லிப் பாருங்க. துண்டைக் கையில எடுத்துக்கிட்டுச் சொல்லுங்க."

துண்டை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தடியை நாங்க பாத்தோம். இது..."

நிறுத்தினார். துண்டைத் திருப்பிப் பிடித்தார். புள்ளி இருக்கும் பக்கம் உள்ளங்கைக்குள் போனது.

"இது வந்து..."

மேசையைச் சுற்றி நடந்தார். மறுபடி வந்து நின்றார். வாய் திறந்தது, மூடியது. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய மனிதர், டீச்சரைத் தவிர ஆள் இல்லாத அறையில் மூன்று சொல்லைச் சேர்த்துச் சொல்ல முடியாமல் நின்றார். கடைசியில் துண்டை மேசைமேல் வைத்துவிட்டார்.

"வரல டீச்சர்."

"ஏன்?"

"புள்ளி தெரியுதே."

"அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"இருக்கு."

"அன்னைக்குக் கரையிலயும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

தொபியாஸ் குடையை மறந்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம் கமிட்டிக் கொட்டகை நிரம்பியிருந்தது. நடுவில் தடி. அதன்மேல் இரண்டு கோழிகள் நின்றன, யாரோ விரட்டினார்கள். ஜெயசீலன் நாற்காலியில் இருந்தார். செசிலி தூணோரம் நின்றாள். கூடை இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தாள்.

தொபியாஸ் வாசல் பக்கம் நின்றார். உள்ளே வந்தார். மறுபடி வாசலுக்கே போனார்.

"வே தொபியாஸ், ஒரு எடத்துல நில்லும். தலை சுத்துது" என்றார் கஸ்பார். கூட்டம் சிரித்தது.

டீச்சர் வந்தாள். கொண்டுவந்த துண்டைத் தடியின் முனையில் பொருத்தி வைத்துக் காட்டினாள். அறுத்த இடம் ஒட்டிக்கொண்டது. ஜெயசீலன் கிடங்கிலிருந்து ஒரு துண்டு கேட்டாள். கொண்டுவந்தார்கள். அங்கேயே சீவி, நனைத்துப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் கஸ்பார். "தடி என்ன மரம்?"

"பைன்."

"கிடங்குத் துண்டு?"

"அதுவும் பைன். ரெண்டும் ஒரே எடத்துலருந்து வந்ததான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. பைன்னு மட்டும் சொல்ல முடியும்."

பின்பாதியை யாரும் கேட்கவில்லை. ஜெயசீலன் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா? மரமே சொல்லிட்டு! எங்கவே அந்த மோப்பக்காரர்? வாசம் இல்லையாம்லா வாசம்! சளி பிடிச்சிருந்துச்சோ என்னமோ."

கூட்டம் மறுபடி சிரித்தது. போன வாரம் செசிலியின் கூடைக்குப் பக்கத்தில் கூடை வைத்தவர்களும் சிரித்தார்கள்.

"தீர்மானம்னா தீர்மானம்தான்" என்றார் கஸ்பார், யார் முகத்தையும் பார்க்காமல். "தடியை ஜெயசீலன் எடுத்துக்கிடட்டும். செசிலி விஷயத்துல..."

செசிலி தூணை விட்டு வந்தாள். கஸ்பாரிடம் போகவில்லை. ஜெயசீலனிடமும் போகவில்லை. நேராக டீச்சர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க படிச்சவுக. உங்களுக்கு என்னையும் தெரியாது, அவரையும் தெரியாது. நீங்க சொல்லுங்க டீச்சர். நான் திருடியா?"

சிரிப்பு நின்றது.

டீச்சர் தடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கம் வரைக்கும் விரலை மெதுவாக நகர்த்தினாள்.

"இது வருஷத்துக்கு ஒரு வளையம் போடும்மா. மழை பெஞ்ச வருஷம், காஞ்ச வருஷம் எல்லாம் இதுல இருக்கு." விரல் விளிம்பில் வந்து நின்றது. "வெட்டுன அன்னைக்கு இங்க முடிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு இதை யாரு அடுக்குனா, யாரு உருட்டுனா, யாரு தண்ணிக்குள்ள நின்னு இழுத்தா, ஒண்ணும் இதுல ஏறாது. அதெல்லாம் மனுஷங்ககிட்டதான் இருக்கும். நீ மனுஷங்களைக் கேக்கணும்."

செசிலி கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அவளுக்கு அந்த வாரத்தில் விட்டுப்போயிருந்தது. யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றாள். வாசல் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.

கொட்டகைக்குள் ஒருவர் இருமப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"நான் பாத்தேன்."

எல்லாரும் திரும்பினார்கள். தொபியாஸ் வாசலை விட்டு நடுவுக்கு வந்திருந்தார். எப்போதும்போல் கையை ஆட்டிப் பேசவில்லை. கைகள் இரண்டும் தொங்கிக் கிடந்தன.

"கடல்லருந்துதான் இழுத்தா. இடுப்பளவுத் தண்ணியில நின்னு கயிறு கட்டுனா. கயித்துக்கு மறுமுனையை நான் பிடிச்சேன். மேட்டுல ஏத்துத வரைக்கும் கூடவே இருந்தேன்."

"என்னவே உளறுதீரு!" ஜெயசீலன் குரல் ஏறியது. "உம்ம மருமகன் யாருகிட்ட வேலை பாக்கான்னு நெனப்பு இருக்கா?"

"இருக்கு. அந்த நெனப்புலதான் இத்தனை நாளும் இருந்தேன்."

ஜெயசீலன் கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார். ஏதோ சொல்ல வந்தவர், தடியைப் பார்த்தார், செசிலியைப் பார்த்தார். பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்ப தடியையும் அவ எடத்தையும் விடுங்கய்யா. நாளைக்கு ஏலத்துக்கு அவ வரட்டும்." இன்னொரு குரல் அதையே சொன்னது. கஸ்பார் சம்மதமாகத் தலையை ஆட்டினார். ஆனால் அவர் கண்கள் தொபியாஸை விடவில்லை.

"அவளுக்காக அன்னைக்கு இதே எடத்துல நின்னு அவ்வளவு பேசுனீரே, வே. மோந்து பாருங்கன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு, நான் பாத்தேன்னு ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"

தொபியாஸ் டீச்சரைப் பார்த்தார். அவள் மரத்துண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவர் செசிலி பக்கம் திரும்பினார். கஸ்பார் கேட்டதற்கு அவளிடம்தான் பதில் சொன்னார்.

"மரம் சொல்லட்டும்னு இருந்துட்டேன்."